மூன்று முறைதான் எழுப்பலாம்

கறுப்புத் திரையின் மூலையில் ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி வந்து நின்றது. எழுந்திருக்க எதையும் காணோம் என்று அதற்குப் பொருள். ஜெபசெல்விக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முப்பத்தைந்து வயது லேப்டாப்போடு கோபித்துக்கொண்டு ஆகப்போவது என்ன? ஆனாலும் கோபித்தாள். "எந்திரியேன் மூதேவி" என்று பல்லுக்குள் சொன்னது மேடை வரைக்கும் கேட்டுவிட்டது.

"எழுப்புநர் ஏதும் சொன்னீங்களா?" நீதிபதி தாயுமானவன் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"மெஷின்கிட்ட பேசினேன்யா."

"முதல் எழுப்பல் தோல்வி" என்றார் அவர். பெஞ்ச் கிளார்க்கு அதைப் பேனாவால் எழுதிக்கொண்டார். இன்னும் இரண்டு முறைதான்.

இந்தக் கூத்து எதற்கு என்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும். ஒரு காலம் வந்தது. செத்துப்போனவர் திரையில் வந்து உயில் வாசிப்பார். ஊரிலேயே இல்லாதவன் கடையில் திருடுகிற படம் ஓடும். எது நிஜம், எது உண்டாக்கியது என்று சொல்ல அந்த ஆண்டவனாலும் ஆகாது. கோர்ட்டுகள் திணறிப்போயின. கடைசியில் 2034இல் சாட்சி இயந்திரச் சட்டம் போட்டார்கள். 2015க்கு முன்னால் செய்த, இணையம் தொடாத பழைய கம்ப்யூட்டரில் பதிவானதுதான் சாட்சி. நகல் எடுத்துக் காட்டக் கூடாது. பதிந்த மெஷினே நீதிபதி கண்முன்னால் எழுந்து உட்கார்ந்து காட்ட வேண்டும். அதுவரை சீல் வைத்துக் கிடக்கும், ஒருவரும் ஆன் செய்து பார்க்க முடியாது. மூன்று முறை எழுப்பலாம். எழாவிட்டால் அது பிணம், உள்ளே இருந்த உண்மையும் அதோடு பிணம்.

கேட்க நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் பார்த்தால், பணமுள்ளவன் தன் பழைய மெஷின்களைக் குளிர் அறையில் வைத்து, உதிரிப் பாகம் வாங்கி அடுக்கி, ஆள் போட்டுப் பார்த்துக்கொண்டான். இல்லாதவன் வீட்டு லேப்டாப் எப்போதோ பேரீச்சம்பழத்துக்குப் போயிருந்தது. உண்மைக்கும் பராமரிப்புச் செலவு உண்டு என்று ஊருக்குத் தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது.

ஜெபசெல்வி அரசாங்க உரிமம் வாங்கிய எழுப்புநர். கருஞ்சேரி பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்மாடியில் பழைய லேப்டாப் ரிப்பேர் கடை வைத்திருந்தவள், சட்டம் வந்ததும் கோர்ட்டுக்கு வந்து சேர்ந்தாள். மெஷின் வழக்குகளில் வக்கீல் இல்லாதவர்களுக்கு எழுப்புநரே பேசலாம். வக்கீல் வைக்க வழியில்லாத மாரீஸ்வரி அவளைத் தேடி வந்தது அப்படித்தான்.

மாரீஸ்வரியின் புருஷன் காளிராஜ், பொற்சுடர் பட்டாசு ஆலையில் ஃபோர்மேன். பட்டாசு மருந்தை வெயில் ஏறுவதற்கு முன்னால் கலந்து முடித்துவிட வேண்டும். வெயிலேறினால் மருந்து அறையைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொள்வது ஃபோர்மேன் வேலை. சித்திரை மாதத்தில் ஒரு நாள் மத்தியானம் அந்த அறை வெடித்தது. ஆறு பேர் செத்தார்கள். உச்சி வெயிலில் அறையைத் திறந்துவிட்டது காளிராஜ்தான் என்று ஆலை சொன்னது. குற்றம் நிரூபணமானால் பத்து வருட ஜெயில். இன்று தீர்ப்பு.

காளிராஜ் அந்த அறையின் சூட்டையும், யார் எப்போது சாவி கேட்டார்கள் என்பதையும் ஒரு பழைய லேப்டாப்பில் பதிந்து வந்திருந்தான். ஆலை ஆபீஸுக்கு 2011இல் மொத்தமாக வாங்கிய பன்னிரண்டில் ஒன்று அது. ஹார்டு டிஸ்க் போய்க் குப்பையில் கிடந்ததை எடுத்துவந்து, ஒரு மெமரி கார்டில் எல்லாவற்றையும் ஏற்றி ஓட்டினான். வேலை முடிந்ததும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவான். வெடி விபத்து நடந்த மறு வாரமே ஆலைக்காரர்கள் ஊரில் மேளம் கொட்டி, 'பழைய லேப்டாப் கொடு, புதிய டிவி வாங்கு' என்று மேளா போட்டார்கள். சனம் வரிசையில் நின்று கொடுத்தது. மாரீஸ்வரி மட்டும் அதை அரிசி டிரம்முக்குள் ஒளித்து வைத்தாள்.

அந்த மெஷின்தான் இப்போது எழ மாட்டேன் என்கிறது.

காலையில் ஆலைத் தரப்பு மெஷின் எழுந்ததை ஜெபசெல்வி கண்ணாலேயே பார்த்தாள். அதே பன்னிரண்டில் இன்னொன்று. பக்கவாட்டுத் துளையில் கார்டைச் செருகிப் பொத்தானை அமுக்கினார்கள். பத்தே விநாடி. குளித்து முழுகிப் பள்ளிக்கூடம் கிளம்பிய பிள்ளை மாதிரி எழுந்து நின்று, மத்தியானம் 12:40க்குக் காளிராஜ் அறையைத் திறந்தான் என்று திரையில் காட்டியது. ஆலை வக்கீல் நிரஞ்சன் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அதைப் பார்த்து ஜெபசெல்விக்கு ஒரு நிம்மதிகூட வந்தது. சில மாடல் துளையிலிருக்கும் கார்டிலிருந்தே எழும், சில எழாது. இது எழுகிற சாதி போலிருக்கிறது, நம்முடையதும் எழும் என்று நினைத்தாள்.

குற்றவாளிக் கூண்டில் நின்ற காளிராஜ் கையைத் தூக்கி, "யக்கா, அதுக்கு வந்து..." என்று ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

"எழுப்பும்போது குற்றஞ்சாட்டப்பட்டவர் பேசக் கூடாது" என்று கிளார்க்கு அதட்டினார். பக்கத்தில் நின்ற போலீஸ்காரர் அவன் தோளை அமுக்கினார். அவனிடம் ஒரு வார்த்தை கேட்க ஜெபசெல்விக்கும் அனுமதியில்லை. மெஷின்தான் பேச வேண்டும், மனுஷன் வாயை மூடிக்கொள்ள வேண்டும். நல்ல சட்டம், நல்ல நியாயம்!

ஜெபசெல்வி சின்ன டார்ச்சை எடுத்து லேப்டாப்பின் கார்டுத் துளைக்குள் அடித்துப் பார்த்தாள். உள்ளே மஞ்சளாக என்னவோ பொருக்குத் தட்டிக் கிடந்தது. அதன்மேல் சிவப்பு. அவள் திரும்பி, பின் பெஞ்சில் இருந்த மாரீஸ்வரியைப் பார்த்தாள்.

"என்னம்மா இது?"

மாரீஸ்வரி எழுந்து நின்றாள். "சந்தனம்க்கா. வருசா வருசம் ஆயுத பூசைக்கு அவரு வைப்பாரு. குங்குமமும் வைப்பாரு."

"மூடி மேல வைக்க வேண்டியதுதான? ஓட்டைக்குள்ள வச்சிருக்காரு!"

"கார்டுக்கும் வைப்பாருக்கா. வச்சுட்டு உள்ள சொருகிருவாரு. உள்ள இருக்கறதுதான முக்கியம்னு சொல்லுவாரு."

"கார்டுக்கு எந்தப் பக்கம்?"

"ரெண்டு பக்கமும்."

கோர்ட்டில் நாலு பேர் சிரித்துவிட்டார்கள். ஜெபசெல்விக்குச் சிரிப்பு வரவில்லை. எத்தனை வருடச் சந்தனம்! லட்சுமியும் சரஸ்வதியும் குடியிருந்த இடத்தில் கரண்டு குடியிருக்க இடமில்லை.

"சுரண்டினால் சாட்சியைக் கலைப்பதாகும்" என்று நிரஞ்சன் எழுந்தார். "ஆட்சேபிக்கிறேன்."

நீதிபதி தன் மேசைத் திரையின் ஓரத்தைப் பார்த்தார். அங்கேயும் போன வருடத்துச் சந்தனப் பொட்டு மூன்று காய்ந்து கிடந்தது. "துடைக்கலாம்" என்றார்.

பழைய பல் பிரஷ்ஷை ஸ்பிரிட்டில் நனைத்துத் துளையைத் துடைத்தாள். கார்டின் பித்தளைப் பற்களைப் பிள்ளைகள் வைத்திருக்கும் அழிரப்பரால் தேய்த்தாள். மஞ்சள் தூளாக உதிர்ந்தது. சந்தன வாசம் மேசையெல்லாம் அடித்தது. அவள் சிலுவை போட்டுக்கொள்ளவில்லை, மற்ற சாமிகள் கோபித்துக்கொள்ளப் போகிறார்களே என்றுதான். கார்டைச் செருகினாள். டிக்கென்று உட்கார்ந்தது. பொத்தானை அமுக்கினாள்.

விசிறி சுழன்றது. கம்பெனி முத்திரை வந்தது. பின் பெஞ்சில் மாரீஸ்வரி எழுந்து நின்றாள். திரை கறுத்தது. அதே வரி.

ஜெபசெல்வி அவசரமாகப் பட்டியலுக்குள் போனாள். எதிலிருந்தெல்லாம் எழலாம் என்று மெஷின் வைத்திருக்கும் பட்டியல். டிஸ்க் இருந்தது, சிடி இருந்தது, யூஎஸ்பி இருந்தது. கார்டுத் துளையின் பேரே இல்லை. மேலே போனாள், கீழே வந்தாள். இல்லவே இல்லை. சாண் ஏறினால் முழம் சறுக்குகிறது.

"இரண்டாம் எழுப்பல் தோல்வி" என்றார் நீதிபதி.

நிரஞ்சன் இதற்காகத்தான் காத்திருந்தார். கையில் ஒரு தாள். "கனம் நீதிபதி அவர்களே, மூன்றாவது முறைக்கு அவசியமே இல்லை. இந்த மாடலில் கார்டுத் துளை பூட் ஆகும்போது செத்த துளை. மெஷின் முழுசாக எழுந்த பிறகுதான் அதற்கு உயிர் வரும். ஆகவே கார்டை வைத்துக்கொண்டு எழவே முடியாது. உலகத்தில் இந்த மாடல் ஒன்றுகூட, திரும்பச் சொல்கிறேன், ஒன்றுகூட இந்தத் துளையிலிருந்து எழுந்தது கிடையாது. காளிராஜ் இதைக் கார்டில் ஓட்டினார் என்பது முழுக் கட்டுக்கதை. பதிவில் ஏற்றிக்கொள்ள வேண்டுகிறேன்."

கிளார்க்கு எழுதிக்கொண்டார். ஆலைத் தரப்பில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த கம்ப்யூட்டர் நிபுணருக்கு அந்த நேரம் பார்த்து இருமல் வந்தது. தண்ணீர் பாட்டிலைத் திறக்கக் கை தடுமாறியது. ஜெபசெல்வி அதைப் பார்த்தாள், ஆனால் மனசில் ஏறவில்லை. காது இரண்டும் சூடாக இருந்தது.

"சாப்பாட்டுக்குப் பிறகு பார்ப்போம்" என்றார் நீதிபதி.

வெளியே பைக் ஸ்டாண்டு நிழலில் பட்டாசு ஆலைப் பெண்கள் பதினாலு பேர் சாப்பாட்டுத் தூக்குகளோடு உட்கார்ந்திருந்தார்கள். சாட்சி மெஷினுக்கும் அதன் ஆட்களுக்கும்தான் உள்ளே இடம். அய்யம்மாள் என்ற பெண் வெந்து சுருங்கிய வலது கையை முந்தானைக்குள் மறைத்தபடி, இடது கையால் தயிர்சோற்றை நீட்டினாள்.

"மெஷின் எந்திரிச்சிருச்சா தாயி?"

"இன்னும் இல்லம்மா."

"எந்திரிச்சிரும். சாப்பிடு."

இரண்டு மாதமாக ஜெபசெல்வி இவர்கள் வீடுகளில்தான் உட்கார்ந்து காபி குடித்தாள். காளிராஜ் மெஷினை எப்படித் திறப்பான், கார்டை எந்தப் பக்கம் செருகுவான், வயரை எதில் மாட்டுவான் என்று துருவித் துருவிக் கேட்டாள். பக்கத்துல சொருகுவாரு என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அவள் சோற்றைக் கையில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

மாரீஸ்வரி அவள் முழங்கையைப் பிடித்துச் சுவரோரமாக இழுத்துப் போனாள். அங்கே போனதும் தன் டிபன் கேரியரைத் திறந்து, அடித் தட்டிலிருந்து பாலித்தீன் பையில் சுற்றிய ஒன்றை எடுத்தாள். விரல் நீளத்தில் வெள்ளைப் பொருள். பழைய காலத்து இணைய டாங்கிள். லேப்டாப்பில் செருகினால் இணையம் வருமே, அது. அதன் இடுப்பில் ஒரு சின்ன மெமரி கார்டுக்கு இடம் உண்டு. கார்டும் உள்ளேயே இருந்தது.

"இதையும் சொருகுவாருக்கா" என்றாள் மாரீஸ்வரி. "முதல்ல இது. அப்புறம் அது."

ஜெபசெல்விக்கு ஒரே நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. சின்னக் கார்டு சாவி. யூஎஸ்பி வழியாக அது மெஷினை எழுப்பிவிடும். எழுந்த பிறகு துளைக்கு உயிர் வந்து பெரிய கார்டு பொறுப்பை வாங்கிக்கொள்ளும். காலையில் காளிராஜ் கையைத் தூக்கியது இதைச் சொல்லத்தான். விளங்கிய வேகத்திலேயே கோபம் தலைக்கேறியது.

"ரெண்டு மாசமா இத டிபன் கேரியர்ல வச்சிக்கிட்டு என்னை நாய் மாதிரி அலையவிட்டியா? உனக்குப் புத்தி இருக்கா? உன் புருசன் உயிரு உள்ள கெடக்கு!"

"கத்தாதீங்கக்கா." மாரீஸ்வரிக்குக் கண் நிறைந்துவிட்டது. "ஆலைக்குள்ள செல்லு, டவர் சமாச்சாரம் எதுவும் கொண்டுபோகக் கூடாது. கொண்டுபோனா அதுக்கே மூணு வருசம். அவருக்குக் கார்டு போட வேற ஒண்ணும் கிடைக்கல. சிம்மு இல்லாத வெறும் கூடு இது. சாப்பாட்டுக்கு அடியில வச்சுக் கொண்டுபோவாரு, சாயங்காலம் எடுத்துட்டு வந்துருவாரு. இத வெளியில காட்டினா இன்னும் மூணு வருசம் சேத்துப் போட்டுருவாங்களோன்னு பயந்துட்டேன்."

ஜெபசெல்வி தலையில் கைவைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். மூன்று வருடம் கிடக்கட்டும். இணையம் தொட்ட மெஷின் சாட்சியே அல்ல. சிம் இருந்ததா இல்லையா என்று சட்டம் கேட்காது. பதியத் தொடங்கிய பிறகு இணையச் சாதனம் எதையாவது ஒருமுறை மாட்டியிருந்தாலும் தீட்டு. காளிராஜ் லேப்டாப்பின் உள்ளே இருந்த வைஃபை பலகையைக்கூட ஒழுங்காகக் கழற்றிப் போட்டவன். கடைசியில் ஒரு வெறும் கூட்டில் வந்து மாட்டிக்கொண்டான்.

"உங்ககிட்ட வேற கூடு இல்லையாக்கா?" மாரீஸ்வரி மெதுவாகக் கேட்டாள். "கார்ட மட்டும் எடுத்து உங்களுதுல போட்டு, இதுதான் மெஷினோட வந்துச்சுன்னு சொல்லிருங்க. யாருக்குத் தெரியும்?"

இருந்தது. ஜெபசெல்வியின் பையிலேயே சாதாரணக் கார்டு ரீடர் இரண்டு கிடந்தன. பை ஜிப்பைத் திறந்து ஒன்றைக் கையிலும் எடுத்துவிட்டாள். ஒரு பொய். மெஷின் எழுந்துவிடும், காளிராஜ் எழுதியதைக் கோர்ட்டு படிக்கும், அவன் ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருப்பான். மாட்டினால் அவள் உரிமம் போகும். அது போனால் போகிறது. ஆனால் அந்த ஆலைக்காரன் மூன்று நிபுணர்களை வைத்திருக்கிறான். ரீடரைப் பிரித்துச் செய்த தேதியைப் பார்த்தார்களானால், காளிராஜ் எழுதிய நிஜமும் சேர்ந்து பொய்யாகிவிடும். செய்யாதவனைச் செய்தவனாக்கியவர்கள் கையில் தானே ஒரு கத்தியைக் கொடுப்பதா?

"அந்த வக்கீலு எவ்வளவு திமிரா சொல்றான் பாரு," என்று ரீடரைப் பைக்குள் எறிந்தாள். "உலகத்துல ஒண்ணுகூட இந்தத் தொளையில இருந்து எந்திரிச்சது கிடையாதாம்! ஒண்ணுகூட..."

பேச்சு பாதியில் நின்றது. காலையில் எழுந்ததே! பத்து விநாடியில், அதே மாடல், அதே துளையிலிருந்து! அந்த நிபுணருக்கு இருமல் ஏன் வந்தது என்று இப்போது புரிந்தது. தவளை தன் வாயால் கெடும் என்பார்களே, இது தன் வாயால் சொல்லிப் பதிவிலும் ஏற்றிக்கொண்ட தவளை.

இரண்டரை மணிக்குக் கோர்ட்டு கூடியதும் ஜெபசெல்வி உட்காரவே இல்லை.

"ஐயா, என் மெஷின விடுங்க. அவங்க மெஷினத் திறந்து பாக்கணும்."

"எதற்கு?" என்றார் நீதிபதி.

"வக்கீல் சார் மத்தியானம் சொன்னத கிளார்க்க வாசிக்கச் சொல்லுங்கய்யா."

கிளார்க்கு வாசித்தார். ஒன்றுகூட எழுந்தது கிடையாது என்ற இடம் வந்ததும் நிரஞ்சன் முகம் வெளுத்தது. எழுதிக் கொடுத்ததை வாசித்தாரே தவிர, காலையில் தன் கண்முன்னால் நடந்ததோடு அதை அவர் சேர்த்துப் பார்க்கவில்லை. நிபுணர் இருந்த நாற்காலி காலியாக இருந்தது.

"எழவே எழாத தொளையில இருந்து உங்க மெஷின் எப்படி சார் எந்திரிச்சது?" ஜெபசெல்வியின் குரல் உடைந்து உயர்ந்தது. "எங்க மெஷின் எந்திரிக்கலேன்னா கட்டுக்கதை. உங்களுது எந்திரிச்சா அது என்ன கதை?"

"ஆட்சேபிக்கிறேன்!"

"எதை ஆட்சேபிக்கிறீங்க, நீங்க சொன்னதையா?" என்றார் நீதிபதி. "திறங்க."

திருகாணிகளைக் கழற்றி அடிமூடியைத் தூக்கினாள். வெளிக்கூடு 2011. உள்ளே இருந்த பலகை பச்சைப்பசேலென்று நேற்றுப் பூத்தது மாதிரி இருந்தது. ஓரத்தில் செய்த வருடம் சின்ன எழுத்தில் போட்டிருந்தது: 2045. பழைய தோலுக்குள் புதிய மெஷினை வைத்து, வேண்டியதை எழுதி ஏற்றிக் கொண்டுவந்திருக்கிறார்கள். ஜெபசெல்வி அந்த லேப்டாப்பை அப்படியே தூக்கி, பின் பெஞ்சு வரைக்கும் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி காட்டினாள். ஆறு பேர் செத்திருக்கிறார்கள், அதற்கு இவர்கள் பொம்மைக்குத் தோல் மாட்டிக் கூட்டி வந்திருக்கிறார்கள்!

"ஆலையின் சாட்சி இயந்திரம் தள்ளுபடி. இந்த மோசடிக்குத் தனியாக வழக்குப் போடச் சொல்கிறேன்" என்றார் நீதிபதி. அப்புறம் அவள் பக்கம் திரும்பினார். "எழுப்புநரம்மா, உங்களுக்கு இன்னொரு முறை பாக்கி இருக்கு. துளையிலிருந்து எழாதுன்னா உங்க மெஷின் எப்படி எழும்? சத்தியமாச் சொல்லணும்."

ஜெபசெல்வி மாரீஸ்வரியைப் பார்த்தாள். மாரீஸ்வரி வேண்டாம் என்று தலையாட்டினாள். ஜெபசெல்வி டாங்கிளை மேசைமேல் வைத்தாள். நடந்ததைச் சொன்னாள். சிம் இல்லை, வெறும் கூடு, கார்டு போட மட்டும் என்றும் சொன்னாள்.

நிரஞ்சனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "இணையச் சாதனம்! பிரிவு ஒன்பது. தள்ளுபடிதான்."

"சிம் இல்லாத டாங்கிளுக்கும் செங்கல்லுக்கும் என்னய்யா வித்தியாசம்?" ஜெபசெல்வி கத்தினாள். "ஒரு தடவ சொருகிக் காட்டுறேன். அவரு என்ன எழுதியிருக்காருன்னு படிச்சாவது பாருங்க!"

"எனக்குப் புரியுதும்மா" என்றார் நீதிபதி. அவர் முகத்தில் உண்மையாகவே வருத்தம் இருந்தது. அது யாருக்கு வேண்டும்? "சட்டம் இடம் கொடுக்கல. இந்த இயந்திரமும் தள்ளுபடி."

நிரஞ்சன் நிமிர்ந்து நின்றார். "இரண்டு தரப்புப் பதிவும் இல்லாதபோது, ஆலை தாக்கல் செய்த விபத்து அறிக்கையே நிற்கும். அதன்படி குற்றவாளி காளிராஜ்."

அறிக்கை எழுதியதும் அதே ஆலைதான். கூண்டில் காளிராஜ் கம்பியைப் பிடித்துக்கொண்டான். நீதிபதி கோப்பை மூடிக் கையை அதன்மேல் வைத்தார். "அப்படின்னா, அன்னிக்கு அங்க என்ன நடந்ததுன்னு சொல்ல யாரும் இல்ல."

"யாரும் இல்லையா?"

மாரீஸ்வரியின் குரல். அழுகை எல்லாம் வற்றிப்போன குரல். "பதினாலு பேரு வாசல்ல நிக்காங்களேய்யா! கண்ணால பாத்தவங்க! கை வெந்தவங்க! அவங்க எல்லாம் யாரும் இல்லையா?"

நிரஞ்சன் சிரித்தார். "மனிதர்கள் சொல்வதையா? யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் சொல்லலாமே."

நீதிபதி சிரிக்கவில்லை. அலமாரிப் பக்கம் கையைக் காட்டினார். கிளார்க்கு தடிமனான பழைய புத்தகம் ஒன்றைத் தூசி தட்டிக் கொண்டுவந்தார். நீதிபதி பக்கம் பக்கமாகப் புரட்டினார். வெகு நேரம் கழித்து ஓர் இடத்தில் விரலை வைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"இயந்திரச் சட்டம் வந்தப்போ மனிதச் சாட்சியை யாரும் நீக்கல. இப்பவும் இருக்கு. பன்னிரண்டு வருஷமா யாரும் கூப்பிடல, அவ்வளவுதான்."

ஜெபசெல்விக்கு யாரோ பளாரென்று அறைந்த மாதிரி இருந்தது. அவள் மாரீஸ்வரி பக்கத்தில் போய் நின்றாள். "பாத்தவங்கன்னு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியேடி. ரெண்டு மாசமா அவங்க வீட்டுலதான உக்காந்திருந்தேன்?"

"நீங்க கேக்கலியேக்கா" என்றாள் மாரீஸ்வரி. "கார்ட எந்தப் பக்கம் சொருகுவாருன்னுதான கேட்டீங்க."

காலையிலிருந்து ஆலைக்காரன் மேல், வக்கீல் மேல், சட்டத்தின் மேல், செத்த மெஷின் மேல் எரிந்த கோபம் அத்தனையும் திரும்பி ஜெபசெல்வி மேலேயே வந்து விழுந்தது. வெந்த கையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்தக் கைக்காரியிடம் வயரைப் பற்றிக் கேட்டவள் அவள்.

சாட்சிக் கூண்டு மூலையில் கிடந்தது. பத்து வருடமாக அதில் எழாத லேப்டாப்புகளை அடுக்கி வைத்திருந்தார்கள். ஜெபசெல்வியே போய் அவற்றை இரண்டு இரண்டாக எடுத்துத் தரையில் வைத்தாள். கூண்டைத் துடைக்கத் துணி கிடைக்காமல் தன் துப்பட்டாவால் துடைத்தாள். பிறகு வெளியே போய் அய்யம்மாளைக் கையைப் பிடித்து அழைத்து வந்தாள்.

கிளார்க்கிடம் மெஷின் படிவம் மட்டும்தான் இருந்தது. அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "தயாரிப்பு வருஷம்?"

"என்னதுய்யா?"

"பொறந்த வருஷம்மா."

"தொண்ணூத்திரெண்டு."

"கடைசியாகப் பழுது பார்த்தது..." அவர் நீதிபதியைப் பார்த்தார்.

"அதை எல்லாம் மடிச்சு வைங்க. வெள்ளைத் தாள் எடுங்க" என்றார் நீதிபதி. "அம்மா, நீங்க பாத்ததைச் சொல்லுங்க."

அய்யம்மாள் முந்தானைக்குள் இருந்த கையை வெளியே எடுத்துக் கூண்டின் கம்பிமேல் வைத்தாள். காளிராஜைப் பார்த்தாள், ஆலை வக்கீலைப் பார்த்தாள்.

"மேனேஜரு வந்தப்ப மணி பன்னெண்டரை இருக்கும். சாவியக் குடுன்னாரு. இந்தப் பய குடுக்க மாட்டேன்னுட்டான். வெயிலு இப்படி அடிக்குது, தெறந்தா செத்துருவோம் சார்னு கால்ல விழுந்தான். நான் பாத்தேன். ஆர்டர் போகணும்டா நாயேன்னு அவரு இவன் இடுப்புல இருந்து சாவியப் பிடுங்கினாரு. அதையும் பாத்தேன். இவன் எங்களைப் பாத்து ஓடுங்க ஓடுங்கன்னு கத்திக்கிட்டே ஓடியாந்தான். எங்க மருமக உள்ள இருந்தா. பேரு தனபாக்கியம், எழுதிக்கய்யா. அவளக் கூப்பிட நான் திரும்பிப் போனேன்..."

"மெதுவாச் சொல்லுங்கம்மா, எழுதணும்ல" என்றார் கிளார்க்கு.

அவள் மெதுவாகச் சொல்லவில்லை.